வெள்ளைச்சிக்கு வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

2025 ஜனவரி 19, ஞாயிறு

வள்ளம் பார்க்க வந்தவனை இன்றைக்கும் இவர் துரத்திவிட்டார்.

கொக்கிளாய்ப் பக்கத்து இளந்தாரி. மரியாதை தெரிந்த பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எங்கள் வள்ளம் வெள்ளைச்சிக்குக் கிட்டப் போனான். பாயை விரித்துப் பார்த்தான், பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தான், "நல்லா வைச்சிருக்கிறியள் அண்ணை" என்றான். விலையும் படிந்து வருகிற மாதிரி இருந்தது. நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்கிடையில் இவர் கதிரையில் இருந்தபடியே கேட்டுவிட்டார்.

"தம்பி, நடுக் களப்பில காத்து விழுந்திட்டுதெண்டால் என்ன செய்வாய்?"

"ஒரு சின்ன என்ஜினைப் பூட்டி வைச்சால் கவலையில்லைத்தானே அண்ணை."

"அப்ப என்ஜின் வள்ளமாப் பாத்து வாங்கு ராசா."

அவன் போய்விட்டான். அவனுக்குப் போட்ட தேத்தண்ணியையும் சேர்த்து நானே குடித்தேன்.

மகள் பிரஷாந்தினி நெளுக்குளத்தில் எங்களுக்கென்று ஓர் அறை கட்டிப் பூசியும் முடித்துவிட்டாள். சித்திரைத் தொடக்கத்தில் அவளுக்குப் பிள்ளை பிறக்கும். தலைப்பிள்ளை. மருமகனுக்குத் தாயும் இல்லை. "அம்மா, நீங்களும் அப்பாவும் வந்து எங்களோடயே இருங்கோவன்" என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். "வள்ளம் விக்கட்டும் பிள்ளை, அடுத்த பஸ்ஸில வாறம்" என்று வாக்குக் கொடுத்தவர் இவர்தான். வாக்கையும் கொடுத்துவிட்டு, வாங்க வருகிறவர்களையும் கலைத்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

நான் தனியப் போகலாம். போகத்தான் வேண்டுமென்றால் போவேன். ஆனால் இவர் இங்கே உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு, வள்ளத்தோடு கதைத்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்தால் எனக்கு அங்கே நித்திரை வராது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து சண்டை பிடித்தாலும் ஒரு கூரைக்குள் இருந்துதான் பிடித்தோம். இந்த வயதில் போய் ரெலிபோனில் சண்டை பிடிக்க என்னால் ஏலாது.

ஜனவரி 24, வெள்ளி

விடிய எழும்பினால் வாளிச் சத்தம். வெள்ளிக்கிழமை அல்லவா!

கிணற்றில் அள்ளி அள்ளி வெள்ளைச்சிக்கு ஊற்றுகிறார். உள்ளே, வெளியே, முன் அணியத்தில், பின்பக்கத்தில், மேலே மூடியிருக்கிற சாக்குகளும் ஊறும்வரை. போன சித்திரைப் பாய்வள்ளப் போட்டியோடு வள்ளம் ஓட்டுவதை விட்டுவிட்டு, அதை வளவுக்குள் ஏற்றி வேப்பமரத்துக்குக் கீழே வைத்த நாளிலிருந்து இதுதான் தொழில். மழை பெய்கிற கிழமைகளில் மட்டும் லீவு.

"அபிஷேகம் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தாகமெடுக்குமடி ரஞ்சி."

கொஞ்சுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? பசுவென்றால் தாகமெடுக்கும். பலகைக்கு என்ன தாகம்?

வெள்ளைச்சி என்று பேர் வைத்தது நான்தான், அது என் பிழை. வள்ளம் கட்டி வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டு "ஒரு பேர் சொல்லு" என்றார். ஒட்டுசுட்டானில் நான் பிறந்த வீட்டில் நின்ற வெள்ளைப் பசுவின் பேரைச் சொன்னேன். பந்தய வள்ளத்துக்கு மாட்டின் பேரா என்று கரை முழுக்கச் சிரித்தது. பிறகு ஒவ்வொரு சித்திரையும் சிரித்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னாலேதான் வந்தார்கள். முல்லைத்தீவு நஜீம் நானா வருடம் தவறாமல் இரண்டாவது.

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்னொருவர் வந்தார். அதே கேள்வி. "தண்டு வலிச்சுக் கரைக்கு வந்திடுவன்" என்றார் அந்த மனிதர். நல்ல பதில் என்றுதான் எனக்குப் பட்டது. இவருக்குப் படவில்லை. பாயில் தையல் விட்ட இடம், மரத்தில் பூச்சி அரித்த இடம் என்று இல்லாத குறையெல்லாம் சொல்லி ஆளை அனுப்பிவிட்டார்.

"அப்ப சரியான பதில் என்ன?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்டில்லை. சொல்லேக்க முகத்தைப் பாக்கத்தான் கேக்கிறது."

"உங்களுக்குத்தான் முகமே தெரியுதில்லையே."

சொல்லியிருக்கக் கூடாது. சிரித்தார்தான். ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது.

வலது கண்ணில் வெள்ளை படர்ந்து வருடக்கணக்காகிறது. காற்று வரும்போது தண்ணீர் ஒரு கோடாகக் கறுத்துக்கொண்டு வருமாம், அதைத் தூரத்திலேயே கண்டு சுக்கானைத் திருப்புகிறவன்தான் வெல்லுவானாம். போன வருடம் அந்தக் கறுப்பைக் காணாமலேயே குத்துமதிப்பில் ஓட்டி வென்றார். கரைக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார், "இனி வேண்டாம் ரஞ்சி, வள்ளத்தில இருக்கிற பெடியளைக் கவிட்டுப்போடுவன்." ஊருக்கு இன்னும் முதுகுநோ என்றுதான் தெரியும்.

வியாழக்கிழமை கண் ஒப்பரேசன்.

பெப்ரவரி 6, வியாழன்

மருமகன் வந்து வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒப்பரேசன் முடிந்தாலும் நெளுக்குளத்தில்தான் இருக்கவேண்டும். புகை கூடாது, தூசி கூடாது, குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. நான் ஆட்டையும் கோழியையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

போகும்போது எனக்குச் சொன்னது ஒரு சொல்: "கவனம்." வெள்ளைச்சிக்குப் பக்கத்தில்தான் கூடநேரம் நின்றார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முடிவெடுத்துவிட்டேன். இவர் திரும்பி வருவதற்குள் வெள்ளைச்சியை விற்றுவிடுவேன். கேள்வி கேட்க ஆள் இல்லாத நேரம்தான் நல்ல நேரம்.

தம்பி முத்துலிங்கம் ஒட்டுசுட்டானிலிருந்து உழவு மெசினில் வந்தான். அறுவடை முடிந்துவிட்டது, யானையும் இந்தமுறை கொஞ்சம் இரங்கிவிட்டுப் போயிருக்கிறது, ஆளுக்குச் சந்தோசம். சாக்கை விலக்கி வள்ளத்தைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினான்.

"என்னக்கா இது, பாசி பிடிச்சுக் கிடக்கு? விக்கிற மாட்டைக் குளிப்பாட்டி, துடைச்சு, கொம்புக்கும் பூசியெல்லோ சந்தைக்குக் கொண்டு போறது."

அவன் சொல்வது நியாயம்தானே. நெல்லோ விறகோ வைக்கோலோ வண்டிலோ, நனைந்தால் கெட்டது, காய்ந்தால் நல்லது. வயல்காரன் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

சாக்குகளை எரித்தோம். வேப்பமரத்தடியிலிருந்து வெளியே இழுத்து, நான்கு கம்பு நட்டு மேலே தகரம் போட்டோம். பனி படாது, இலை விழாது. காய்ந்த பிறகு தேய்த்துப் பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். என் தம்பி தங்கம்.

பெப்ரவரி 14, வெள்ளி

ரெலிபோன். கண் எப்படி என்று நான் கேட்பதற்கு முதல் இவர் கேட்டது: "வெள்ளைச்சிக்கு ஊத்தினியோ?"

"ஓம்" என்றேன்.

வேறென்ன சொல்ல? புதுப் பெயின்ற் அடித்து இரண்டு நாள். பால் மாதிரி நிற்கிறாள். அதில் தண்ணீர் ஊற்ற எனக்கென்ன விசரா?

பெப்ரவரி 21, வெள்ளி

இன்றைக்கும் கேட்டார். இன்றைக்கும் "ஓம்".

பெப்ரவரி 25, செவ்வாய்

பிரஷாந்தினி தகப்பனுக்குக் காட்டாமல் வெள்ளைச்சியின் புதுப்படங்களை முகநூலில் போட்டதிலிருந்து ரெலிபோன் ஓயவில்லை. ஒருவருக்குக் கலியாண வீட்டில் மாப்பிள்ளை பொம்பிளையை இருத்திப் படமெடுக்க வள்ளம் வேண்டுமாம், ஒரு நாளைக்கு மட்டும். இன்னொருவர் எத்தனை குதிரைவலு என்று கேட்டார். "குதிரையுமில்லை, வலுவுமில்லை, காத்துத்தான்" என்றேன். வைத்துவிட்டார்.

இன்றைக்கு எடுத்தவர் உண்மையான ஆள். பெருந்தெருவில் சாப்பாட்டுக்கடை திறக்கப் போகிறாராம். கேட்ட விலைக்குமேல் தருவதாகச் சொன்னார். பிறகு, எப்படி வைக்கப் போகிறார் என்று ஒரு படம் அனுப்பினார்: நடுவால் வெட்டி, நிமிர்த்தி வைத்து, உள்ளே தட்டு அடித்து, தட்டுகளில் மிக்சர் போத்தல்.

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆள், வஞ்சகமில்லாமல் படமும் அனுப்பியிருக்கிறார். ஒரு கிழமைக்குள் காசு, அடுத்த கிழமை நெளுக்குளம்.

இவருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். "உன்ர விருப்பம்" என்றார்.

இந்த மனிதரோடு வாழ்ந்ததில் நான் படித்த ஒரே பாடம்: இவர் கத்தினால் பயமில்லை, "உன்ர விருப்பம்" என்றால்தான் பயம். சாப்பாட்டுக்கடைக்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மிக்சர் போத்தல் வைக்க அவருக்கு வேறு வள்ளம் கிடைக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

நஜீம் நானா வந்தார்! மருமகன் அஹ்ஸனையும் கூட்டிக்கொண்டு.

நான் பழக்கதோசத்தில் தேத்தண்ணியைக் கொண்டுபோய் நீட்டிவிட்டேன். "தங்கச்சி, நோன்பு" என்று சிரித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

புத்தளத்தில் இருந்த காலத்தில் அந்தக் களப்பில் பாய் வள்ளம் ஓட்டப் பழகியவர். ஊருக்குத் திரும்பி வந்து கருவாட்டு யாவாரம், மிச்ச நேரமெல்லாம் இவரோடு போட்டி. கரையில் இருவரும் ஏசிக்கொள்வதைக் கேட்டால் வெளியூர்க்காரன் பொலிசுக்குச் சொல்லிவிடுவான். போட்டி முடிந்த அன்று பின்னேரம் ஒரு சட்டியில் மீன் தின்பார்கள்.

"அவளை முன்னால விட்டுப் பின்னால போய் எனக்கு அலுத்துப் போச்சுத் தங்கச்சி. இனி அவளுக்கு மேல இருந்து பாப்பம்" என்றார். இனி ஓட்டப்போவது அஹ்ஸன். அஹ்ஸன் குனிந்து அடிப்பலகையைப் பார்க்கப் போனான். நஜீம் நானா தடுத்தார். "தவராசான்ர வள்ளத்தைக் குனிஞ்சு பாக்கிறது அவனுக்கு மரியாதையில்லை. வா."

அடுத்த கிழமை புதன் களப்பில் இறக்கி ஓடிப் பார்க்கிறார்கள். முத்துலிங்கம் மெசினைக் கொண்டுவருவான். நான் நல்லெண்ணெய் விளக்கு ஏற்றினேன்.

மார்ச் 12, புதன்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன். காலையில் முத்துலிங்கம் வள்ளத்தை ஏற்றினான். பலகையில் விரலால் தட்டி, "விதைநெல்லு மாதிரிக் காய்ஞ்சு கணீரெண்டு கிடக்கக்கா" என்றான். எனக்குப் பெருமை. கரையில் நஜீம் நானா, அஹ்ஸன், இன்னும் இரண்டு பேர். இறக்கினார்கள். பாய் விரிந்தது. வெள்ளைச்சி போனாள். நான் கையைத் தட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி.

பிறகு அவள் மெதுவானாள். காற்று இருந்தது, பாய் நிறைந்திருந்தது, ஆள் மட்டும் நகரவில்லை. விளிம்பு தண்ணீருக்குக் கிட்ட வந்தது. அஹ்ஸன் வாளியால் இறைக்கிறான், இறைக்கிறான் — கடைசியில் குதித்துவிட்டான். இடுப்பளவு தண்ணீர்தான். பாயோடும் புதுப் பெயின்றோடும் என்ர வெள்ளைச்சி அப்பிடியே இருந்திட்டாள். என்ன நடந்தது? ஆர் ஓட்டை போட்டது?

ஆரும் போடேல்லை. நான்தான். பலகையும் பலகையும் சேருகிற இடமெல்லாம் காய்ந்து, சுருங்கி, வாய் திறந்திருக்கிறது. பெயின்ற் அதை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. களப்பில் ஊறினால்தான் பலகை பருத்து ஒட்டுமாம். அதுக்குத்தான் கிழமைக்குக் கிழமை தண்ணி. அவருக்கு விசரில்லை. எனக்குத்தான்.

அஹ்ஸன் தண்ணீருக்குள் நின்றே கத்தினான். "மாமா! வெடிப்புக்கு மேல பெயின்ரைப் பூசி மறைச்சிருக்கினம். குனிஞ்சு பாக்க விடேல்லையே நீங்கள். இதுதான் உங்கட கூட்டாளி!"

நஜீம் நானாவின் முகம் கறுத்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கூட்டாளியின் வள்ளத்தைக் குனிந்து பார்ப்பது மரியாதையில்லை என்று சொன்ன மனிதர்.

அப்போதுதான் இவர் வந்தார்.

கறுப்புக் கண்ணாடியும், கையில் ஆசுபத்திரிப் பையும், பஸ்ஸால் இறங்கி நேரே கரைக்கு. வெள்ளிக்கிழமைதான் வருவதாக இருந்தது. நஜீம் நானா நேற்றிரவு சம்மதம் கேட்க எடுத்தபோது "தகரத்துக்குக் கீழ, புதுப் பெயின்றோட" என்று வாய்விட்டிருக்கிறார். இவர் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்.

தண்ணீருக்குள் பாய் மட்டும் தெரிய நின்ற வள்ளத்தைப் பார்த்தார். அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்தார். முத்துலிங்கத்தையும் பார்த்தார், அவன் மெசினுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டான். பிறகு அஹ்ஸனிடம் சொன்னார்.

"பெயின்ற் நான்தான் தம்பி அடிக்கச் சொன்னனான். தண்ணி ஊத்தவும் நான்தான் மறந்து போனன். பிழை என்ர."

இந்த மனிதர் ஒரு கயிற்றில் ஒட்டுப்போட்டிருந்தால்கூட அதைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்லுவார். வெடிப்பை மறைத்து விற்றான் தவராசா என்று கரையில் கதை வருவதைவிட இவர் தன் காலை வெட்டிக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் இத்தனை பேருக்கு முன்னால் எனக்காக அதைத் தன் தலையில் தூக்கி வைத்தார். நான் வாயைத் திறந்தேன். கையால் "சும்மா இரு" என்றார்.

நஜீம் நானா இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சீலையில் காய்ந்திருந்த வெள்ளைப் பெயின்றைப் பார்த்தார். மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓம் மச்சான். ஒரு கண்ணைக் கட்டினால் மூளையையும் சேத்துக் கட்டிப்போடுவாங்கள் போல" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நோன்பு வயிற்றோடு, கரை வெயிலில் நின்று, அப்படி ஒரு சிரிப்பு. அஹ்ஸன் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன செய்யிறது?" என்று நான் கேட்டேன்.

"தாகத்தோட நிண்டவள். குடிக்கட்டும்" என்றார் இவர்.

அதே இரவு

கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னியள்?"

"உன்னைச் சொன்னால் முத்துலிங்கத்தையும் சொல்லவேணும். அவன்ர மெசின் இல்லாமல் நான் எப்பிடி வள்ளத்தைத் திருப்பி ஏத்திறது?"

"நீங்கள் எனக்கு ஒருநாளாவது விளங்கப்படுத்தியிருக்கலாம்தானே?"

"சொன்னனான்தானேயப்பா. தாகமெடுக்கும் எண்டு."

மார்ச் 14, வெள்ளி

வெள்ளைச்சியை ஆழமில்லாத இடத்தில் கல் ஏற்றித் தண்ணீருக்குள் தாட்டு வைத்திருக்கிறார்கள், ஊறுவதற்கு. கரையில் ஒரு மரநிழலில் இரண்டு கதிரை. ஒன்றில் கறுப்புக் கண்ணாடி, ஒன்றில் நோன்புக்காரர். இரண்டும் மூழ்கிக் கிடக்கிற வள்ளத்துக்குக் காவல்.

இன்றைக்கும் தேத்தண்ணி கொண்டுபோய் நஜீம் நானாவிடம் நீட்டினேன். என்னை என்ன செய்வது?

நான் நிற்கும்போதே இவர் தன் கேள்வியை எடுத்தார். "எல்லாரிட்டையும் கேட்டனான், உன்னட்டக் கேக்கேல்லை. நடுக் களப்பில காத்து விழுந்தால் என்னடா செய்வாய்?"

"உன்னை ஏசுவன். வேறென்ன செய்யிறது?"

இவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. கண்ணில் மருந்து விடுகிற ஆள் இப்படிக் குலுங்கலாமா என்று டொக்டரிடம் கேட்கவேண்டும்.

பின்னேரம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு நஜீம் நானாவின் மனைவி மஸீனா கஞ்சி அனுப்பியிருந்தா, எங்களுக்கும் சேர்த்து. இரண்டு கோப்பை குடித்தேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மார்ச் 19, புதன்

அஹ்ஸன் மன்னாரில் ஒரு பைபர் வள்ளம் பார்த்திருக்கிறானாம். அதற்குத் தாகமும் இல்லை, கோபமும் இல்லை. "பெடியன் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு மச்சான்" என்று நஜீம் நானா இவரிடம் மெதுவாகச் சொன்னாராம். ஓட்டப்போவது அவன்தானே.

பிரஷாந்தினிக்குக் கால் வீங்குகிறது. டொக்டர் முந்தியும் பிறக்கலாம் என்றாராம். நான் இவரிடம் சொல்லிவிட்டேன்: வள்ளம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த நாள் நான் பஸ் ஏறுவேன். நீங்கள் வாறியளோ இல்லையோ.

"உன்ர விருப்பம்" என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்.

குசினியில் போய் இருந்து அழுதேன். வெங்காயமும் உரிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கல்லை இறக்கி, தண்ணீரை இறைத்து, வெள்ளைச்சியை மிதக்கவிட்டார்கள். எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பலகைகளுக்கு நடுவே கையை வைத்துத் தடவினேன். ஈரம், ஆனால் ஓட்டமில்லை. ஒரு பேப்பர்கூட நுழையாது. பலகை எல்லாம் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன.

அஹ்ஸன் இரண்டு பேரோடு ஏறினான். மனமில்லாமல்தான். இவர் தண்ணீருக்குள் இறங்கி (டொக்டர் மன்னிக்கட்டும்) சுக்கானை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

போனான். அந்தப் பக்கம் திரும்பி, களப்பைக் குறுக்கே வெட்டி, பாய் ஒரு பக்கம் சரிய, ஆட்கள் மறுபக்கப் பலகையில் தொங்க. நான் வள்ளத்தைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கையை நீட்டினார். "அங்க பார், கறுத்துக்கொண்டு வருது. இப்ப திருப்புவான் பார். திருப்படா, திருப்பு... ஆ!"

"உங்களுக்குத் தெரியுதோ?" என்று கேட்டேன்.

"தெரியுது" என்றார். பிறகு இன்னொரு தரம், "தெரியுது ரஞ்சி" என்றார்.

கண் திரும்பிவிட்டதே. இனி இவர் ஏன் விற்க வேண்டும்? ஏன் வரவேண்டும்? கண் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன்தான். எழுதியும் வைக்கிறேன்.

அஹ்ஸன் திரும்பி வந்தபோது வேறு ஆள். "மாமா, மன்னார் வேண்டாம்" என்றான். பிறகு இவருக்கு முன்னால் வந்து நின்று, "அண்டைக்குக் கத்திப்போட்டன் அங்கிள்" என்றான்.

"கத்தினபடியால்தான் தாறன். வெடிப்பைக் கண்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தால் அவளை உன்னட்ட விட்டிருக்கமாட்டன்" என்றார் இவர்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். மஸீனா வட்டிலப்பமும் பிரியாணியும் அனுப்பி, பின்னாலேயே தானும் வந்தா. அஹ்ஸனுக்குப் பேரை மாற்ற விருப்பமாம், ஏதோ சிங்கமோ புலியோ. "வெள்ளைச்சியாகத்தான் உங்க எல்லாரையும் தோக்கடிச்சவள், வெள்ளைச்சியாகவே இருக்கட்டும்" என்று மஸீனா முடித்துவிட்டா. எனக்கு அவவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடித்தேன்.

வெள்ளைச்சி போய்விட்டாள்.

போவதற்கு முன் இவர் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அணியத்தில் தெளித்தார். "போட்டி முடிஞ்சு ஏத்தினாப் பிறகு வெள்ளிக்கிழமை மறக்காத" என்றார்.

"ஜும்மாவுக்குப் போறதுக்கு முதல் ஊத்திப்போட்டுத்தான் போவன். இன்ஷா அல்லாஹ்" என்றார் நஜீம் நானா. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கதைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். கேட்காவிட்டால் வெடித்துப்போவேன். "கண் தெரியுதெண்டு கண்டபிறகும் ஏன் குடுத்தனீங்கள்?"

அலுமாரியிலிருந்து தன் சேட்டுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார். "பிள்ளைக்கு வாக்குக் குடுத்தனான்தானே. நீயும் அங்க தனியப் போய் ஆரோட சண்டை பிடிக்கப் போறாய்?"

ஏப்ரல் 1, செவ்வாய்

பஸ். களப்புத் தெரிகிற பக்கத்து யன்னலில் இவர் இருந்தார். களப்பு முடிந்ததும் எழும்பி, "இஞ்ச வந்து இரு, ஒட்டுசுட்டான் வருது" என்று எனக்கு இடத்தைத் தந்தார். முத்துலிங்கம் சந்தியில் நின்று கை காட்டினான். ஆடும் கோழியும் இனி அவனிடம்தான். இவருக்குக் கிட்ட வர அவனுக்கு இன்னும் பயம்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். வெளுத்த பிள்ளை. "வெள்ளைச்சி எண்டு வைப்பமே" என்று இவர் கேட்டு, ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்த மகளிடம் ஏச்சு வாங்கினார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போட்டி. மஸீனா ரெலிபோனில் வீடியோ காட்டினா. அதில் பாதி நேரம் வானம், மீதி நேரம் அவவின் விரல். இவர் ரெலிபோனோடு கத்திய கத்தில் பிள்ளை எழும்பிவிட்டது.

வெள்ளைச்சி இரண்டாவது.

நஜீம் நானா எடுத்தார். "மச்சான், வள்ளத்தையே வாங்கியும் எனக்கு ரெண்டாவதுதான் எழுதியிருக்கு."

"திருப்பேக்க அரைக் கணம் பிந்திட்டான். அடுத்த முறை சரியா வரும்" என்றார் இவர். ஆனால் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

ஏப்ரல் 18, வெள்ளி

நேற்று வெள்ளைச்சியைக் கரையேற்றி நஜீம் நானாவின் வளவில் வைத்துவிட்டார்களாம். படம் அனுப்பியிருந்தார்கள்: மாமரத்துக்குக் கீழே, புதுச் சாக்குகளால் மூடி.

விடிய எழும்பினேன். வாளிச் சத்தம்.

யன்னலால் பார்த்தேன். இவர் கிணற்றடியில் நின்றார். வாளி நிறைய அள்ளிவிட்டார், இரண்டு கையாலும் தூக்கியும்விட்டார். வளவில் வாழைக்குப் போனவாரம் நட்ட கம்பும் மருமகனின் மோட்டார் சைக்கிளும் தவிர ஒன்றுமில்லை. வாளியோடு அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். கீழேயும் வைக்கவில்லை, ஊற்றவும் இல்லை. அப்படியே நின்றார்.

போய்க் கையைப் பிடிப்போமா என்று நினைத்தேன். பிடித்தால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், மகள் எழும்பிவிடுவாள்.

"இஞ்சேருங்கோ" என்று குரல் கொடுத்தேன். "பேத்திக்குத் தண்ணி வாக்கவேணும். சுடுதண்ணிக்குக் கலக்க அந்த வாளியை இங்கால கொண்டாங்கோ."

திரும்பிப் பார்த்தார். பிறகு, ஒரு துளி சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.